முதல் பேஸ் கிட்டார்: இ.எம்.ஐ. இல்லாம வாங்கி, நிஜமாவே வாசிக்கக் கத்துக்க ஒரு முழுக் கணக்கு



ஆசைப் பொருள் வாங்குறது பத்தி வீடியோவில் பேசும்போது கணக்கெல்லாம் வேகமா ஓடிப்போயிடுது. அதை நிதானமா உட்கார்ந்து போட்டுப் பார்க்கத்தான் இந்தப் பதிவு. எடுத்துக்கிட்ட பொருள் எலெக்ட்ரிக் பேஸ் கிட்டார். கேமரா, சைக்கிள், கீபோர்டுன்னு உங்க ஆசை வேறயா இருந்தாலும் கணக்கு போடுற முறை இதேதான்.

வேலைக்குச் சேர்ந்த முதல் இரண்டு வருஷத்துல வாங்கின இசைக்கருவி பலருக்கும் இப்ப எங்கே இருக்கு? கட்டிலுக்கு அடியில, பையோட. வாங்கினப்போ ஆசை பொய்யில்ல. ஆனா பணத்தை ஏற்பாடு பண்ணின அளவுக்கு நேரத்தை ஏற்பாடு பண்ணல. அதனால இந்தப் பதிவு சொல்ல வர்றது ஒரே ஒரு விஷயம்: பணம் சேர்க்கிற மாதங்களும் பழக்கம் சேர்க்கிற மாதங்களும் ஒண்ணா ஓடணும். இரண்டும் சேர்ந்து முடியும்போது வாங்கினா, அந்தக் கருவி கட்டிலுக்கு அடியில போகாது.

பேஸ் கிட்டார்னா என்ன? ஏன் இதைக் கத்துக்கணும்?

சாதாரண கிட்டாருக்கு 6 கம்பி. பேஸ் கிட்டாருக்குப் பொதுவா 4 கம்பி, தடிமனா இருக்கும். தடிமனான கம்பியிலிருந்து மெல்லிய கம்பி வரைக்கும் ஈ, ஏ, டி, ஜி. சுருதி சுமார் 41, 55, 73, 98 ஹெர்ட்ஸ். காதால கேக்குறதுக்கு முன்னாடி நெஞ்சுல தட்டுற சத்தம் இது. டிரம்ஸ் தாளத்தைப் பிடிச்சா, பேஸ் அந்தத் தாளத்தையும் பாட்டோட சுரத்தையும் ஒண்ணா கட்டி வைக்கும்.

அமெரிக்காவுல லியோ ஃபெண்டர் 1951-ல 'ப்ரெசிஷன் பேஸ்' என்ற மாடலைக் கொண்டு வந்த பிறகுதான் இந்தக் கருவி உலகம் முழுக்கப் பரவினது. அதுக்கு முன்னாடி ஆளுயரத்துக்கு நிக்கிற டபுள் பேஸைத்தான் வாசிச்சாங்க. அதுல சுரம் எங்கே இருக்குன்னு விரலே தேடிக் கண்டுபிடிக்கணும். ஃபெண்டர் கழுத்துல ஃப்ரெட் பதிச்சாரு. சரியான கட்டத்துல அழுத்தினா சரியான சுரம் வரும். அதனாலதான் 'துல்லியம்' என்ற பொருள்ல அந்தப் பேர்.

தமிழ்ப் பாட்டு கேட்டு வளர்ந்த நமக்கு பேஸ் புதுசு இல்ல. இளையராஜா பாட்டுகளுக்குப் பல வருஷம் பேஸ் வாசிச்சவர் சசிதரன். ஏ.ஆர்.ரஹ்மானோட பாடல்கள்ல கீத் பீட்டர்ஸ். இப்போ மும்பையைச் சேர்ந்த மோகினி டே உலக மேடைகள்ல வாசிக்கிறாங்க. பாட்டை நாம முணுமுணுக்கிறோம். ஆனா கால் தானா தாளம் போடுறதுக்குப் பாதிக் காரணம் இவங்க.

பக்கத்து ஊர்க் கணக்கு: 400 ரூபாய்

இந்தப் பதிவோட உதாரணத்துக்கு நாம எடுத்துக்கிற ஊர் குரங்கணி. தேனி மாவட்டம், போடிநாயக்கனூருக்கு மேற்கே, மலை ஏற ஆரம்பிக்கிற இடம். அதே போடியிலிருந்து மலையடிவாரமாவே தேவாரம் வழியா போனா பண்ணைப்புரம். இளையராஜா பிறந்த ஊர்.

அவரும் அண்ணன் தம்பிகளும் 1960-களோட கடைசியில சென்னைக்குக் கிளம்பினப்போ, அம்மா சின்னத்தாயம்மாள் வீட்டுல இருந்த ரேடியோவை வித்து 400 ரூபாய் கொடுத்தாங்கன்னு இளையராஜாவே பலமுறை சொல்லியிருக்கார். ஒரு வீட்டுல பாட்டு கேக்கிற ஒரே பெட்டியை வித்து, பாட்டு போடப் போற பிள்ளைங்க கையில அந்தப் பணம்.

இதைக் கேட்டா எல்லாருக்கும் அந்த 400 ரூபாய்தான் ஞாபகத்துல நிக்கும். அதுக்குப் பிறகு நடந்ததைப் பாருங்க. சென்னையில தன்ராஜ் மாஸ்டர்கிட்ட பாடம். அதே சமயம் மத்தவங்க இசையில கிட்டார் வாசிச்சு வருமானம். ஜி.கே.வெங்கடேஷ்கிட்ட உதவியாளர். லண்டன் டிரினிட்டி கல்லூரியின் கிளாசிக்கல் கிட்டார் தேர்வு. முதல் படம் 'அன்னக்கிளி' வந்தது 1976-ல. இடையில இருந்த அத்தனை வருஷமும் சம்பாதிச்சுக்கிட்டே கத்துக்கிட்ட வருஷங்கள்.

நாம யாரும் இளையராஜா ஆகப் போறதில்ல. ஆனா சம்பாதிச்சுக்கிட்டே கத்துக்கிறது நம்மாலயும் முடியும். அதுக்கு யாரும் ரேடியோவை விக்க வேண்டாம்.

முதல்ல வரிசை, அப்புறம் ஆசை

இப்போ நம்ம உதாரணம். குரங்கணித் தம்பி ஒருத்தர்னு வெச்சுக்குவோம். சென்னையில வேலை. கைக்கு வர்ற சம்பளம் ₹30,000. வீட்டுல அம்மா ஏலத்தோட்ட வேலைக்குப் போறாங்க. விடிகாலையில ஜீப்ல ஏறி, போடிமெட்டு தாண்டி, சாயங்காலம் திரும்புற வேலை.

ஏலக்காயை நம்பின வருமானம் எப்படி ஏறி இறங்கும்னு அந்தப் பக்கத்து ஆட்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்ல. 2019 ஆகஸ்ட்ல ஏலத்துல ஒரு கிலோ அதிகபட்சமா ₹7,000 வரைக்கும் போச்சு. 2022-ல சராசரி விலை ₹1,000-க்குக் கீழேயும் இறங்கினது. அதே செடி, அதே மலை. விலை இறங்கினா தோட்டக்காரர் செலவைச் சுருக்குவார். அது கூலி வேலை நாட்கள் வரைக்கும் வந்து நிக்கும். அப்படிப்பட்ட வீட்டுல மாசம் 1-ஆம் தேதி தவறாம வர்ற சம்பளம் உங்களோடது மட்டும்னா, நீங்கதான் அந்த வீட்டோட இன்ஷூரன்ஸ்.

அதனால வரிசை முக்கியம்.

1. ஊருக்கு அனுப்புற பணம். இதுல ஒரு ரூபாய்கூட ஆசைக்காகக் குறையக் கூடாது.
2. அவசர நிதி. குறைஞ்சது 3 மாதச் செலவு தனிக் கணக்குல இருக்கணும். முழுசா சேராட்டியும், சேர்க்கிறது நிக்கக் கூடாது.
3. மருத்துவக் காப்பீடு. உங்களுக்கு கம்பெனி பாலிசி இருக்கலாம். அது பெற்றோருக்கும் பொருந்துமான்னு ஹெச்.ஆர்.கிட்ட கேட்டுத் தெரிஞ்சுக்கோங்க.
4. எஸ்.ஐ.பி. சின்னத் தொகையா இருந்தாலும் பரவாயில்ல.
5. இதுக்கெல்லாம் பிறகு மிஞ்சுறதுலதான் பேஸ்.

நம்ம தம்பியோட மாதக் கணக்கு:

- பி.ஜி. வாடகையும் சாப்பாடும்: ₹9,500
- ஊருக்கு: ₹8,000
- பஸ், மெட்ரோ, போன்: ₹2,500
- அவசர நிதி: ₹3,000
- எஸ்.ஐ.பி.: ₹2,000
- துணிமணி, ஊருக்குப் போக வர, சினிமா: ₹3,000
- மொத்தம்: ₹28,000
- மிச்சம்: ₹2,000

இந்த ₹2,000-தான் பேஸ் கிட்டாருக்கான மாதப் பணம். உங்களுக்கு மிச்சம் ₹800-னா ₹800. தொகை சின்னதா இருந்தா மாதம் கூடும். அவ்வளவுதான் வித்தியாசம்.

ஸ்டிக்கர் விலை வேற, மொத்த விலை வேற

கடையில மாட்டியிருக்கிற விலையை மட்டும் பார்த்து பட்ஜெட் போட்டா, வீட்டுக்கு வந்த பிறகுதான் தெரியும், சத்தமே வரலைன்னு. எலெக்ட்ரிக் பேஸுக்கு உள்ளே காத்துப் பெட்டி இல்ல. ஆம்ப் இல்லாம வாசிச்சா, பக்கத்துல உட்கார்ந்தவருக்குக்கூட சரியா கேக்காது.

கணக்குக்காக நாம வெச்சுக்கிற தொகைகள் இவை. நீங்க வாங்கும்போது அன்னைக்கு விலையைப் போட்டுக்கோங்க.

- பேஸ் கிட்டார்: ₹20,000
- ஹெட்போன் ஆம்ப்: ₹2,500
- கேபிள், ஸ்ட்ராப், பை, கிளிப் டியூனர்: ₹2,500
- கடையில முதல் செட்டப்: ₹1,000
- மொத்தம்: ₹26,000

இதுல இரண்டு விஷயம் கவனிங்க.

ஒண்ணு, ஆம்ப். பெரிய ஆம்ப் இப்போ வேண்டாம். பி.ஜி. ரூம்லயும், சுவரை ஒட்டி அடுத்த வீடு இருக்கிற கிராமத்துலயும் ராத்திரி 10 மணிக்கு பேஸ் வாசிச்சா சண்டைதான் வரும். உள்ளங்கை அளவு ஹெட்போன் ஆம்ப் போதும். வீட்டு ஹோம் தியேட்டர்ல சொருகி சத்தமா வைக்காதீங்க. அடி சுரம் அந்த ஸ்பீக்கரைக் கெடுத்துடலாம்.

இரண்டு, செட்டப். புதுசா வந்த கருவியில கம்பி ரொம்ப உயரமா இருந்தா விரல் வலிக்கும். 'எனக்கு இது வராது போல'ன்னு விட்டவங்க பலருக்குப் பிரச்சினை விரல்ல இல்ல, கம்பி உயரத்துல. தெரிஞ்சவர் கையால ஒருமுறை செட்டப் பண்ணி வாங்குறது இந்தப் பட்டியல்லயே ரொம்பப் பயனுள்ள செலவு.

இ.எம்.ஐ.யா, ஆர்.டி.யா?

இதே ₹26,000-ஐ கிரெடிட் கார்டு இ.எம்.ஐ.ல, ஆண்டுக்கு 15% வட்டியில, 12 மாதத்துக்கு எடுத்தா:

- மாதத் தவணை: சுமார் ₹2,347
- மொத்த வட்டி: சுமார் ₹2,160
- வட்டி மேல 18% ஜி.எஸ்.டி.: சுமார் ₹390
- பிராசஸிங் கட்டணம் ₹199, அதுக்கு ஜி.எஸ்.டி. சேர்த்து: சுமார் ₹235
- கூடுதல் செலவு: சுமார் ₹2,785

இப்போ மாதம் ₹2,000 ஆர்.டி. 13 மாதம். ஆண்டு வட்டி 6.5%னு வெச்சா, நீங்க கட்டினது ₹26,000, வட்டியா வர்றது ஏறக்குறைய ₹980.

அங்கே ₹2,785 போகுது, இங்கே ₹980 வருது. இரண்டுக்கும் நடுவுல ₹3,700-க்கு மேல. ஹெட்போன் ஆம்ப் காசும், ஒரு செட்டப் காசும் அதுலயே வந்துடும்.

ஆனா பெரிய வித்தியாசம் இந்த ₹3,700 இல்ல. வேற இரண்டு.

முதலாவது, தவணை ₹2,347. நம்ம தம்பிக்கு மிச்சமே ₹2,000. அப்போ ஒவ்வொரு மாசமும் ₹347 எங்கிருந்தோ வரணும். முதல்ல அவசர நிதியிலதான் கை வைப்போம். அடுத்து, 'இந்த மாசம் மட்டும் கொஞ்சம் கம்மியா அனுப்புறேம்மா'ன்னு போன் போகும்.

இரண்டாவது, இரண்டு மாசத்துல ஆர்வம் போயிடுச்சுன்னு வெச்சுக்கோங்க. இ.எம்.ஐ.ல இன்னும் 10 தவணை பாக்கி இருக்கும். ஆர்.டி.யில உங்க பணம் உங்ககிட்டயே இருக்கும். முன்னாடியே மூடினா கொஞ்சம் வட்டி குறையும், அவ்வளவுதான். ஆர்.டி.ல ஆர்வம் போனாலும் பணம் போகாது.

'நோ காஸ்ட் இ.எம்.ஐ.'ன்னா? பொதுவா வட்டி அளவுக்கு விலையில தள்ளுபடி கொடுத்து, அதை வட்டியா வாங்கிப்பாங்க. வட்டி மேல ஜி.எஸ்.டி.யும் பிராசஸிங் கட்டணமும் தனியா வரலாம். வட்டியை வேற பேர்ல மறைச்சு '0%'னு காட்டுற திட்டங்களை ரிசர்வ் வங்கி 2013-லயே கண்டிச்சிருக்கு. கடைக்காரர்கிட்ட ஒரே கேள்வி கேளுங்க: 'மொத்தப் பணமும் இப்பவே கொடுத்தா என்ன விலை?' இரண்டு விலைக்கும் உள்ள வித்தியாசம்தான் அந்த 'நோ காஸ்ட்'.

13 மாதம் நீளமா தெரியுதா? தீபாவளி போனஸ்ல ₹6,000 இதுக்கு ஒதுக்கினா மிச்சம் ₹20,000. 10 மாதத்துல முடிஞ்சிடும்.

காத்திருக்கிற மாதங்கள்ல என்ன பண்றது?

இதுதான் இந்தப் பதிவோட இதயம். ஆர்.டி. ஓடுற மாதங்கள் வெறும் காத்திருப்பு இல்ல. ஏலச்செடி நட்ட உடனே காய்க்காது. நல்ல மகசூல் பார்க்க மூணாவது வருஷம் ஆகும். அதுவரைக்கும் நிழல், தண்ணி, களை எடுப்புன்னு வேலை நடந்துக்கிட்டேதான் இருக்கும். இதுவும் அப்படித்தான்.

*காதுப் பயிற்சி.* போன் ஸ்பீக்கர்ல பேஸ் கேக்காது. அந்தச் சின்ன ஸ்பீக்கரால அவ்வளவு அடி சுரத்தைக் கொண்டுவர முடியாது. ஹெட்போன் போட்டு, 'மூடுபனி' (1980), 'நிழல்கள்' (1980), 'நினைவெல்லாம் நித்யா' (1982) படப் பாடல்களைக் கேளுங்க. முதல் தடவை பாட்டைக் கேளுங்க. இரண்டாவது தடவை குரலை விட்டுட்டு அடியில ஓடுறதை மட்டும் பிடிங்க. மூணாவது தடவை அதை வாயால முணுமுணுங்க. வாயால வந்தது விரலுக்கும் ஒருநாள் வரும்.

*தாளப் பயிற்சி.* போன்ல இலவச மெட்ரோனோம் ஆப். 60 வேகம். கைதட்டி 5 நிமிஷம், தட்டும் கிளிக்கும் ஒண்ணா விழணும். கேக்க ரொம்ப சுலபம். செஞ்சு பாருங்க.

*விரல் பயிற்சி.* பலருக்குத் தெரியாத ஒரு விஷயம் இது. சாதாரண கிட்டாரோட தடிமனான 4 கம்பிகளும் பேஸோட 4 கம்பிகளும் ஒரே சுரங்கள்தான்: ஈ, ஏ, டி, ஜி. கிட்டார்ல ஒரு ஸ்தாயி மேலே இருக்கும், அவ்வளவுதான். ஃப்ரெட் இடங்கள் அப்படியே பொருந்தும். அதனால நண்பர் வீட்டுல தூசி படிஞ்சு கிடக்கிற பழைய கிட்டாரை 3 மாசத்துக்குக் கேட்டு வாங்குங்க. மேலே உள்ள 2 மெல்லிய கம்பியை மறந்துடுங்க. செலவு ₹0.

இங்கேதான் சோதனை. ஒரு நோட்டுல தேதி போட்டு, 90 நாள்ல எத்தனை நாள் 20 நிமிஷமாவது உட்கார்ந்தீங்கன்னு எழுதுங்க. 60 நாள் தாண்டினா, ஆர்.டி. முடிஞ்சதும் தயங்காம வாங்குங்க. 30-க்குக் கீழேன்னா, வாங்குறதைத் தள்ளிப் போடுங்க. அது தோல்வி இல்ல, ₹26,000 மிச்சம்.

கடையில என்ன பார்க்கணும்?

முதல் பேஸை முடிஞ்சவரைக்கும் கையில எடுத்துப் பார்த்து வாங்குங்க. மதுரை, கோவை, சென்னைக் கடைகள்ல முடியும். சென்னை அண்ணா சாலையில இருக்கிற மியூசி மியூசிகல் 1842-லிருந்து இயங்குற கடை. யமஹா, ஐபனீஸ், கோர்ட், ஃபெண்டரோட குறைந்த விலை பிராண்டான ஸ்குவையர், இந்த நாலுலயும் புதுசா கத்துக்கிறவங்களுக்கான மாடல்கள் இருக்கு. நாலுல எது உசத்தின்னு வாரக்கணக்குல வீடியோ பார்க்க வேண்டாம். உங்க கைக்கு எது பொருந்துதோ அது.

பார்க்க வேண்டியது இதுதான்:

- 4 கம்பி போதும். 5 கம்பி இப்போ வேண்டாம்.
- முழு அளவு பேஸ்ல கம்பி நீளம் 34 அங்குலம். கை சின்னதா இருந்தா 30 அங்குல ஷார்ட் ஸ்கேலும் கேட்டுப் பாருங்க.
- ஸ்ட்ராப் மாட்டி நின்னு பாருங்க. தலைப்பக்கம் கீழே சாயுதா? எடை 10 நிமிஷம் தாங்குதா?
- ஒவ்வொரு ஃப்ரெட்டா அழுத்தி வாசிச்சுப் பாருங்க. எங்கேயாவது 'ஜிர்'னு அடிக்குதா?
- குமிழ்களைத் திருப்பும்போது கரகரப்பு வருதா?

செகண்ட் ஹேண்டும் நல்ல வழி. மேலே சொன்னதோட, கழுத்து வளைஞ்சிருக்கான்னு தலைப்பக்கத்துலேருந்து ஒரு கண்ணை மூடிப் பாருங்க. நேர்ல பார்க்காம அட்வான்ஸ் அனுப்பாதீங்க. நீங்க பின்னாடி விக்கும்போதும் ஒண்ணு ஞாபகம் இருக்கட்டும்: யூ.பி.ஐ.ல பணம் வாங்க பின் நம்பர் போடவே தேவையில்ல. 'பணம் அனுப்புறேன், க்யூ.ஆர். ஸ்கேன் பண்ணி பின் போடுங்க'ன்னு யாராவது சொன்னா, அது ஏமாத்து வேலை.

ஊருக்கு எடுத்துட்டுப் போறவங்களுக்கு: 2023 ஜூன் 15-லிருந்து சென்னை சென்ட்ரல்லிருந்து போடிக்கே நேரா ரயில் இருக்கு. பஸ் டிக்கியில போடுறதை விட ரயில் பெர்த்ல பக்கத்துலயே வெச்சுக்கிட்டு போறது கருவிக்குப் பாதுகாப்பு. மலையடிவாரத்துல மழைக்காலத்து ஈரம் அதிகம். கம்பி துருப்பிடிக்கும், மரக் கழுத்தும் கொஞ்சம் வளையலாம். வாசிச்சதும் காய்ஞ்ச துணியால கம்பியைத் துடைங்க. பைக்குள்ள நாலஞ்சு சிலிக்கா ஜெல் பொட்டலம் போடுங்க. ஈரச் சுவர்ல சாய்ச்சு வைக்காதீங்க.

முதல் 12 வாரம்: தினம் 20 நிமிஷம்

வாரத்துக்கு 5 நாள் போதும். ஞாயித்துக்கிழமை ஒரே மூச்சுல 2 மணி நேரம் உட்கார்றதை விட இது பல மடங்கு மேல். எஸ்.ஐ.பி. மாதிரிதான்.

*வாரம் 1–2.* டியூன் பண்ணக் கத்துக்கோங்க. அப்புறம் எதையும் அழுத்தாம வெறும் கம்பி. வலது கை ஆட்காட்டி விரல், நடு விரல், மாத்தி மாத்தி. மெட்ரோனோம் 60. ஒவ்வொரு கம்பியிலும் ஒரு நிமிஷம்.

*வாரம் 3–4.* இடது கை. 5, 6, 7, 8-ஆவது ஃப்ரெட்டுக்கு ஒவ்வொரு விரல். கீழ் ஃப்ரெட்டுகள் அகலமா இருக்கும், அதனால இங்கே ஆரம்பிக்கிறோம். ஃப்ரெட் கம்பியை ஒட்டி அழுத்துங்க. குறைஞ்ச பலத்துலயே சுரம் தெளிவா வரும். விரல் நுனி எரிஞ்சா சரி, பழகிடும். மணிக்கட்டு வலிச்சா உடனே நிறுத்துங்க.

*வாரம் 5–6.* மூல சுரங்கள். சி: ஏ கம்பியில 3-ஆவது ஃப்ரெட். ஏ: ஏ கம்பியை அழுத்தாம. எஃப்: ஈ கம்பியில 1-ஆவது ஃப்ரெட். ஜி: ஈ கம்பியில 3-ஆவது ஃப்ரெட். ஒவ்வொண்ணுக்கும் 4 தட்டு. நண்பர் கிட்டார்ல சி, ஏ மைனர், எஃப், ஜி வாசிச்சா, நீங்க இதை வாசிங்க. அன்னைக்கே நீங்க இரண்டு பேரும் ஒரு சின்ன பேண்ட்.

*வாரம் 7–8.* மூல சுரத்தோட பஞ்சமத்தைச் சேருங்க. அது எப்பவும் அடுத்த மெல்லிய கம்பியில 2 ஃப்ரெட் தள்ளி. மேல் ஸ்தாயி வேணும்னா, இரண்டு கம்பி தாண்டி 2 ஃப்ரெட் தள்ளி. இந்த வடிவம் கழுத்து முழுக்க மாறாது. ச, ப, மேல் ச. இவ்வளவு தெரிஞ்சாலே ஏராளமான பாட்டுக்குத் துணை போகலாம்.

*வாரம் 9–10.* ஒரே ஒரு பாட்டு. யூடியூப்ல வேகத்தை 0.75 வெச்சு, கூடவே வாசிங்க. ஐந்து பாட்டை அரைகுறையா விட, ஒண்ணு முழுசா.

*வாரம் 11–12.* போன்ல பதிவு பண்ணிக் கேளுங்க. முக்கியமா, சுரம் எப்போ நிக்குதுன்னு கவனிங்க. பேஸ்ல வாசிக்கிறது பாதி, சரியான இடத்துல கம்பியைத் தொட்டு நிறுத்துறது மீதி. புதுசா கத்துக்கிறவங்க விட்டுப் போறது இதைத்தான்.

இதுக்குப் பிறகும் ஆர்வம் இருந்தா வாத்தியார்கிட்ட போங்க. சான்றிதழ் வேணும்னா டிரினிட்டி கல்லூரியோட 'ராக் அண்ட் பாப்' தேர்வுல பேஸுக்குன்னே தனிப் பாடத்திட்டம் இருக்கு; இனிஷியல்ல ஆரம்பிச்சு 8-ஆம் கிரேடு வரைக்கும்.

ஒரு மணி நேரத்துக்கு எவ்வளவு?

தினம் 20 நிமிஷம், வாரம் 5 நாள், 3 வருஷம்: ஏறக்குறைய 260 மணி நேரம். ₹26,000-ஓட, இடையில இரண்டு முறை கம்பி மாத்த ₹3,600 சேர்த்தா ₹29,600. ஒரு மணி நேரத்துக்கு சுமார் ₹114.

அதே பேஸை இரண்டு மாசம், மொத்தம் 15 மணி நேரம் வாசிச்சிட்டு கட்டிலுக்கு அடியில தள்ளினா, ஒரு மணி நேரத்துக்கு ₹1,733.

கருவி ஒண்ணு. கொடுத்த காசு ஒண்ணு. விலையை முடிவு பண்றது நீங்க உட்கார்ற நேரம்.

'வாசிச்சு சம்பாதிச்சிடலாம்'னு சொல்லி வாங்காதீங்க. கோயில் திருவிழா ஆர்க்கெஸ்ட்ரா, சர்ச் கொயர்ல வாய்ப்பு வரலாம், வந்தா சந்தோஷம். ஆனா அந்தக் காசை நம்பி பட்ஜெட் போட்டா, கத்துக்கிற சந்தோஷம் போய் கடன் அடைக்கிற வேலை ஆயிடும்.

வீட்டுல என்ன சொல்றது?

கடைசியா, யாரும் கணக்குல எழுதாத ஒரு விஷயம். ₹26,000-ங்கிறது அம்மாவோட எத்தனை நாள் கூலி? இந்தக் கேள்வி உங்க மனசுல வரும். வரணும். அது வர்றதாலதான் நீங்க நல்ல பிள்ளை.

ஆனா அதுக்குப் பதில், ஆசையைக் காலம் முழுக்க அடக்கி வைக்கிறது இல்ல. ஒளிச்சு வாங்கி, 'ஆபீஸ்ல ஃப்ரீயா கொடுத்தாங்க'ன்னு பொய் சொல்றதும் இல்ல. வாங்குறதுக்கு முன்னாடியே சொல்லுங்க: "அம்மா, மாசம் அனுப்புற எட்டாயிரத்துல கை வைக்க மாட்டேன். அவசரத்துக்குன்னு தனியா பணம் சேர்ந்துக்கிட்டு இருக்கு. அதுக்கு மேல ஒரு வருஷமா சிறுகச் சிறுகச் சேர்த்ததுலதான் இதை வாங்குறேன். கடன் இல்ல."

இதைத் தலை நிமிர்ந்து சொல்ல முடிஞ்சா, நீங்க வாங்கத் தயார். சொல்ல நாக்கு தடுமாறினா, இன்னும் சில மாதம் ஆர்.டி. ஓடட்டும்.

இந்த வாரமே செய்ய வேண்டியது

1. சம்பளக் கணக்கைப் பட்டியல் போட்டு, நிஜமான மிச்சம் எவ்வளவுன்னு பாருங்க.
2. அந்தத் தொகைக்கு சம்பளம் வந்த மறுநாள் தேதியில ஆர்.டி. ஆரம்பிங்க.
3. பழைய கிட்டார் வெச்சிருக்கிற நண்பருக்கு போன் பண்ணுங்க.
4. நோட்டுல 1-லிருந்து 90 வரை கட்டம் போடுங்க. வாசிச்ச நாளை மட்டும் நிரப்புங்க.
5. ஹெட்போன் போட்டு இன்னைக்கு ராத்திரி ஒரே ஒரு பாட்டு. அடியில என்ன ஓடுதுன்னு மட்டும் கேளுங்க.

அஞ்சுல கடைசி இரண்டுக்கும் காசே தேவையில்ல. அங்கிருந்தே ஆரம்பிங்க.